எபிசோட் 37: பழைய காருக்குப் புது காரை விட விலை ஜாஸ்தியா இருந்த காலம்

(ஒலிப்பதிவிலிருந்து செப்பனிட்டது. திரும்பச் சொன்னதை வெட்டியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

பத்து லட்சம் கொடுத்து ஒரு கார் வாங்குறீங்க. ஷோரூம் வாசலைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் அது செகண்ட் ஹேண்ட். அடுத்த வருஷம் விற்கப் போனா எட்டு, எட்டரைக்குக் கேட்பாங்க. இன்னும் சில வருஷம் போனா பாதி விலை. இதுல நமக்கு ஆச்சரியமே இல்லை. கார்ங்கிறது சொத்து இல்லை, தேயுற பொருள்.

இப்போ 1960-களுக்குப் போங்க. ஒருத்தர் புது ஃபியட் காரைக் கம்பெனி விலைக்கு டெலிவரி எடுக்கிறார். ரெண்டு வருஷம் ஓட்டுகிறார். அப்புறம் விற்கிறார், தான் வாங்கின விலையை விட அதிகமா. வாங்குறவர் ஏமாளி இல்லை. எல்லாம் தெரிஞ்சே, கிடைச்சுதேன்னு சந்தோஷமா வாங்குறார்.

ரெண்டு வருஷம் ஓடின எஞ்சின், தேய்ஞ்ச டயர், சாயம் மங்கின சீட். அதுக்குப் புது காரை விட அதிக விலை. இது எப்படி நடந்துச்சு, நடுவில் இருந்த பணம் யார் பையில போச்சு, அதைத் தடுக்க முடியாம இருந்ததால நம்ம ஊருக்கு என்ன ஆச்சு. இதுதான் இன்றைய எபிசோட். கடைசியில் இலங்கைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வருவோம். அங்கே இதே கதை நம்ம காலத்துலயே நடந்திருக்கு.

மூணு பூட்டு

சுதந்திரத்துக்கு முன்னால் இந்தியாவில் கார் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டுக் கார். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் தொழிற்சாலை வைத்து, பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி விற்றது. ஃபோர்டும் இங்கே இருந்தது. உள்நாட்டு முதலாளிகளில் பிர்லா 1942-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸையும், வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸையும் தொடங்கினார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு முதல் பூட்டு விழுந்தது: இறக்குமதி. 1940-களின் கடைசியிலேயே முழுதாகச் செய்த கார்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது தடுக்கப்பட்டது. 1953-இல் டாரிஃப் கமிஷன் இன்னொரு படி மேலே போனது. பாகங்களை வாங்கிப் பூட்டி மட்டும் விற்கிறவர்கள் வேண்டாம்; இங்கேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கலாம் என்றது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின.

இரண்டாவது பூட்டு: லைசென்ஸ். 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டப்படி, புதிதாகத் தொழிற்சாலை போடவும் உற்பத்தியைப் பெருக்கவும் அரசாங்க அனுமதி வேண்டும். கார் என்பது ஆடம்பரம். நாட்டுக்கு லாரி, பஸ், டிராக்டர்தான் முதலில் தேவை என்பது அரசின் நிலைப்பாடு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எஃகும் டாலரும் தட்டுப்பாடாக இருந்த நாடு அது. விளைவு, கார் தயாரிக்க மூணே பேர் மிஞ்சினார்கள். கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான், பம்பாய் குர்லாவில் பிரீமியர், மூணாவது நம்ம ஊர் ஸ்டாண்டர்டு. அந்த மூணாவதுக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

மூன்றாவது பூட்டைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: விலை. போட்டி இல்லாத மூணு கம்பெனியும் இஷ்டத்துக்கு விலை வைத்தால் என்ன செய்வது? அதனால் விலையையும் அரசாங்கமே கட்டுப்படுத்தியது. 1969-இல் அதற்கென்று தனி ஆணையே வந்தது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 1971-இல் தீர்ப்பான அந்த வழக்குக்கு 'பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் எதிர் இந்திய அரசு' என்று பெயர். ஒரு அம்பாசிடர் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்பது டெல்லியில் நீதிமன்றத்தில் முடிவாகிற விஷயமாக இருந்தது, நினைத்துப் பாருங்கள்.

இப்போ மூணையும் சேர்த்துப் பாருங்க. வெளியிலிருந்து வராது. உள்ளே கூட்டிச் செய்ய முடியாது. விலையும் ஏறாது. ஆனா கேட்கிற ஆள் மட்டும் வருஷா வருஷம் ஜாஸ்தி ஆகுறாங்க. இந்த அழுத்தம் எங்கே போகும்? வரிசைக்குப் போகும். காசைக் கட்டிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிற வரிசை.

வரிசைக்கு ஒரு விலை

சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சுருக்கமாச் சொல்றேன். விலைங்கிற வேரியபிளை ஹார்டுகோட் பண்ணிட்டீங்கன்னா, சிஸ்டம் அதே லோடைக் காத்திருப்பு நேரத்துல காட்டும். லோடு மறையாது, இடம்தான் மாறும்.

கணக்குக்காக ஒரு எண் வைத்துக்கொள்வோம். கம்பெனி விலை 15,000 ரூபாய். ஆனால் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். ஒரு டாக்டருக்கு இன்றே கார் வேண்டும். இன்றே கிடைத்தால் 22,000 கொடுக்கத் தயார். இரண்டு வருஷம் ஓடின கார் என்பதால் தேய்மானத்துக்கு 4,000 கழிக்கிறார். அப்போதும் 18,000 வருகிறது. முதல் சொந்தக்காரர் 15,000-க்கு வாங்கி, இரண்டு வருஷம் ஓசியில் ஓட்டி, மேலே 3,000 லாபம் பார்க்கிறார். இந்த மாதிரி கூடுதலாகக் கொடுத்த காசுக்கு அன்றைய பெயர் 'பிரீமியம்'.

கவனிச்சீங்களா, டாக்டர் அந்தக் கூடுதல் காசை இரும்புக்குக் கொடுக்கலை. ஐந்து வருஷம் காத்திருக்காம இருக்கிறதுக்குக் கொடுத்தார். பழைய காருக்குள்ள ஒளிஞ்சிருந்த விலை உயர்ந்த பாகம் எஞ்சின் இல்லை, வரிசையில ஏற்கெனவே நின்னு முடிச்சிருந்த வருஷங்கள்.

அதனாலதான் சொல்றேன்: அந்தக் காலத்துல செகண்ட் ஹேண்ட் விலைதான் நிஜ விலை. ஷோரூம் விலை, அரசாங்கம் ஒரு தாளில் எழுதி வைத்த எண்.

இந்தப் பிரீமியம் எல்லா காருக்கும் ஒரே மாதிரி இல்லை. சின்னதா, சிக்கனமா இருந்த ஃபியட்டுக்குத்தான் கிராக்கி அதிகம், வரிசையும் நீளம். 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை எகிறியபோது வரிசையே கொஞ்ச காலம் சுருங்கியது. தட்டுப்பாடு தளர்ந்தால் பிரீமியமும் தளர்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எங்க பெரியப்பா ஒரு கதை சொல்வார். நாலு வருஷப் பழைய ஃபியட் ஒன்றை எழுபதுகளின் கடைசியில் வாங்கினாராம். ஆறு வருஷம் ஓட்டிவிட்டு, வாங்கியதை விட அதிக விலைக்கு விற்றாராம். "பாத்தியா, வியாபாரம்னா இப்படிப் பண்ணணும்" என்று இன்றைக்கும் மீசையைத் தடவுவார். பெரியப்பா, வியாபாரம் பண்ணது நீங்க இல்லை, தட்டுப்பாடு பண்ணுச்சு. பாதி பணவீக்கம், மீதி வரிசை. இதை அவர்கிட்ட நேர்ல சொல்ற தைரியம் எனக்கு இல்லை. அவர் பாட்காஸ்ட் கேட்கிறவர் இல்லைங்கிறதால இங்கே சொல்றேன்.

அந்தப் பணம் யாருக்குப் போச்சு?

இதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்த கேள்வி. டாக்டர் கொடுத்த கூடுதல் காசு காரைச் செய்த கம்பெனிக்குப் போகவில்லை. அதன் விலைதான் கட்டுப்பாட்டில் இருக்கிறதே. அரசாங்கத்துக்கு வரியாகவும் போகவில்லை. தொழிலாளிக்குப் போகவில்லை. முதலில் அலாட்மென்ட் வாங்கியவர் பையில் போனது.

யாருக்கு முதலில் அலாட்மென்ட் கிடைக்கும்? வரிசையில் முன்னால் பதிவு செய்தவருக்கு. அது போக அரசு ஒதுக்கீடு என்று தனிக் கதவு ஒன்றும் இருந்தது. அந்தக் கதவு யாருக்குத் திறந்ததோ, அவர் கையில் காரோடு சேர்த்து ஒரு தொகையும் வந்தது. யாரும் லஞ்சம் கொடுக்கத் தேவையில்லை. கையெழுத்துக்கே விலை இருந்தது.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 1959-இல் மோட்டார் கார்கள் (விநியோகம் மற்றும் விற்பனை) கட்டுப்பாட்டு ஆணை வந்தது. புது காரை வாங்கிய இரண்டு வருஷத்துக்குள் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? கார் ஒருத்தர் வீட்டில் நிற்கும், ஆர்.சி. புக் இன்னொருத்தர் பேரில் இருக்கும். நடுவில் ஒரு பவர் ஆஃப் அட்டர்னி பத்திரம். இரண்டு வருஷம் முடிந்ததும் பேர் மாறும். ஸ்கூட்டருக்கும் 1960-இல் இதே மாதிரி ஒரு கட்டுப்பாட்டு ஆணை உண்டு. சேத்தக் ஸ்கூட்டருக்குக் காத்திருந்த கதையை உங்க வீட்டுப் பெரியவங்க எல்லாரும் சொல்லியிருப்பாங்க. அதன் பின்னணியும் இதுதான்.

வெளிநாட்டுக் கார் வேண்டுமென்றால்? தூதரக அதிகாரிகள் கொண்டுவந்த கார்கள் அவர்கள் ஊர் திரும்பும்போது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக விற்பனைக்கு வரும். பல வருஷம் ஓடின வண்டி. ஆனாலும் அதற்குப் பணக்காரர்களிடையே போட்டி. காரணம் அதேதான்: வேறு வழியில் அது கிடைக்காது.

1974-இல் ஆன் க்ரூகர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். தட்டுப்பாட்டை உண்டாக்கும் அனுமதிச் சீட்டுகளுக்குப் பின்னால் ஜனங்கள் ஓடுவதில் எவ்வளவு உழைப்பு வீணாகிறது என்பதுதான் அதன் பொருள். அவர் எடுத்துக்கொண்ட உதாரண நாடுகள் இந்தியாவும் துருக்கியும். நல்ல காரைச் செய்வதற்குச் செலவாக வேண்டிய மூளை, நல்ல இடத்தில் ஆள் பிடிப்பதற்குச் செலவானது.

ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு கார் தொழிற்சாலை

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூர் போனால், வண்டலூருக்கு முன்னால் ஜிஎஸ்டி ரோட்டு ஓரம் பெரிய ஐடி வளாகம் ஒன்று வரும். நம்ம கேட்பவர்களில் பல பேர் அங்கே டேக்கைக் காட்டி உள்ளே போகிறவர்கள். அந்த நிலத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இருந்தது. ஆமாம், நம்ம தாம்பரம் பக்கத்தில் கார் தயாரித்தார்கள்.

மெட்ராஸில் 1948-இல் தொடங்கிய கம்பெனி. இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டு. முதலில் வேன்கார்டு, பிறகு சின்னக் கார்கள், 1961-இலிருந்து ஹெரால்டு. இத்தாலிக்காரர் ஜோவான்னி மிக்கெலோட்டி வரைந்த, அழகான வண்டி. இந்தியக் குடும்பங்களுக்கு இரண்டு கதவு போதாது என்று, பின்னால் நாலு கதவு வைத்தும் செய்தார்கள். அது இங்கே மட்டுமே இருந்த வடிவம். 1972-இல் கெஸல் என்று ஒரு மாடல். 1977-இல் அதுவும் நின்றது. அதன் பிறகு பல வருஷம் வேன் மட்டும்தான்.

ஒரு தகவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் கார் விற்பது 1963-இல் நின்றுவிட்டது. பெருங்களத்தூரில் அந்தப் பெயர் 1988 வரை உயிரோடு இருந்தது. அம்மா கம்பெனி பெயரைத் தூக்கிப் போட்டு இருபத்தஞ்சு வருஷம், நம்ம ஊர்ல போர்டு தொங்குச்சு.

1985-இல் கடைசியாக ஒரு முயற்சி: ஸ்டாண்டர்டு 2000. வெளியே பார்த்தால் ரோவர் எஸ்டி1, நல்ல நவீன உடம்பு. உள்ளே வைத்த எஞ்சினோ பழைய வேன்கார்டு வம்சத்தைச் சேர்ந்தது. விலை அதிகம், இழுவை குறைவு. 1988-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2006-இல் ஏலம் போனபோது இடத்தோடு சேர்ந்து மிச்சமிருந்த கார்களும் ஸ்பேர்களும் போயின.

இதற்கும் பழைய கார் விலைக்கும் என்ன சம்பந்தம்? இதுதான் இந்த எபிசோடின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் விலை என்பது வெறும் விலை இல்லை; கம்பெனிக்கு வருகிற செய்தி. இன்றைக்கு ஒரு மாடலின் ரீசேல் விலை சரிந்தால் அந்தக் கம்பெனியில் மீட்டிங் நடக்கும். ஏன் விழுகிறது? கியர்பாக்ஸா, சர்வீஸா, ஸ்பேர் கிடைக்கவில்லையா? ஆனால் நீங்கள் செய்கிற எதுவானாலும், எவ்வளவு மோசமாக இருந்தாலும், இரண்டு வருஷம் ஓடிய பிறகும் ஜனங்கள் அதிக விலை கொடுத்து அள்ளிக்கொண்டு போனால்? எந்தச் செய்தியும் வராது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போக வேறு கடை இல்லை. நல்ல காரைச் செய்தாலும் அதிக விலை வைக்க முடியாது. கெட்ட காரைச் செய்தாலும் விற்காமல் நிற்காது. பக் ரிப்போர்ட்டே வராத ப்ராடக்ட் அது.

அம்பாசிடர் 1950-களின் கடைசியில் வந்து 2014 மே மாதம் வரை ஓடியது. அதை ரசிக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க, எனக்கும் அந்தப் பின்சீட் பிடிக்கும். ஆனா ஒரு பொருள் அரை நூற்றாண்டுக்கு மேல பெரிசா மாறாம இருந்ததுன்னா, அதை மாற்றச் சொல்லி யாரும் நெருக்கலைன்னுதான் அர்த்தம்.

இன்னொரு பக்கமும் சொல்லணும்

சுவர் கட்டியதால் ஒண்ணுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பாகங்களை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தால்தான் மெட்ராஸில் உதிரிபாகத் தொழில் வேர் பிடித்தது. வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் என்று பாடி பக்கம் எழுந்தவை எல்லாம் 1960-களின் தொடக்கத்தில் வந்தவை. பிற்காலத்தில் வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் சென்னையைத் தேடி வந்ததற்கு அந்தத் திறமையும் ஒரு காரணம்.

புதுப்பேட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது கார் கிடைக்காத ஊரில் பழைய காரைச் சாகவிடாமல் வைத்திருக்கிற மெக்கானிக்தான் ராஜா. கழற்றிய பாகம், தேடிப் பிடித்த பாகம், கடைந்தெடுத்த பாகம் எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தக் கைத்திறன் தட்டுப்பாடு வளர்த்த பிள்ளை.

அப்படியானால் பாதுகாப்பு நல்லதா, கெட்டதா? இங்கே தென்கொரியாவைப் பாருங்கள். அவர்களும் சுவர் கட்டினார்கள். 1987 வரை வெளிநாட்டுக் கார் இறக்குமதி கிட்டத்தட்ட மூடியே இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களை ஏற்றுமதி செய்யச் சொல்லி அரசாங்கம் விரட்டியது. ஹூண்டாய் பிறந்ததே 1967-இல்தான், நம்ம ஸ்டாண்டர்டை விடப் பத்தொன்பது வருஷம் இளையது. 1976-இல் தன் போனி காரை ஈக்வடாருக்கு அனுப்பியது. 1986-இல் அமெரிக்காவில் எக்ஸெல் காரை விற்றது. வெளிச் சந்தையில் யாரும் அவர்களுக்காக வரிசையில் நிற்கவில்லை. திட்டு வாங்கி, திருத்தி, மறுபடி விற்க வேண்டியிருந்தது. அங்கே பக் ரிப்போர்ட் வந்தது.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. அப்போது பெருங்களத்தூர் தொழிற்சாலை பூட்டிக் கிடந்து பத்து வருஷம். இரண்டு கம்பெனியும் சுவருக்குள் வளர்ந்தவைதான். ஒன்றுக்குப் பரீட்சை வைத்தார்கள், இன்னொன்றுக்கு வைக்கவில்லை.

வரிசை எப்படிக் கரைந்தது

1980 வாக்கில் நாடு முழுக்க ஒரு வருஷத்துக்குத் தயாரான கார்கள் ஏறக்குறைய 30 ஆயிரம். மக்கள்தொகை 68 கோடி. அப்புறம் மாருதி வந்தது. அரசுக் கம்பெனி, ஜப்பான் சுசூகியோடு 1982-இல் ஒப்பந்தம். புக்கிங்குக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டினார்கள். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார்.

உடனே பிரீமியம் ஒழிந்ததா? இல்லவே இல்லை. மாருதிக்கும் வரிசை, மாருதிக்கும் பிரீமியம். நல்ல காரைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, போதுமான எண்ணிக்கையில் கொண்டுவர வேண்டும். 1991-இல் தாராளமயம் வந்தபோதுகூடக் கார் லைசென்ஸ் பட்டியலில்தான் இருந்தது, 1993-இல்தான் விடுவித்தார்கள். அதன் பிறகு ஃபோர்டு மறைமலைநகருக்கு வந்தது, ஹூண்டாய் வந்தது, மற்றவர்கள் வந்தார்கள். ஷோரூமில் காசைக் கொடுத்தால் கார் கிடைக்கும் என்ற நிலை வந்ததும், ஓடின கார் ஓடின கார் மாதிரி விலை போக ஆரம்பித்தது.

2001-இல் மாருதி 'ட்ரூ வேல்யூ' என்று பழைய கார்களுக்கே கடை திறந்தது. வாங்கின காரின் விலை விழ விழ, முதல் தடவை கார் வாங்குகிற குடும்பத்துக்குக் கதவு திறந்தது. ஒரு நர்ஸம்மா, ஒரு ஸ்கூல் வாத்தியார், வேலைக்குச் சேர்ந்து ரெண்டே வருஷமான நம்ம மாதிரி ஆள் எல்லாரும் உள்ளே வந்தது அந்தக் கதவு வழியாத்தான். காரோட விலை குறையுறது சொந்தக்காரருக்கு வருத்தம், அடுத்தவருக்கு வாய்ப்பு.

இலங்கை: ஐந்து வருஷம் பூட்டிய கதவு

இது எல்லாம் தாத்தா காலத்துக் கதை என்று நினைத்தால், பாக் நீரிணையைத் தாண்டிப் பாருங்கள். இலங்கையில் உள்நாட்டுக் கார் கம்பெனியைக் காப்பாற்றும் நோக்கம் பெரிதாகக் கிடையாது. பிரச்சினை டாலர். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்க வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தற்காலிகம் என்று தொடங்கியது, 2022 நெருக்கடியைத் தாண்டி, தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திறந்தது.

அங்கே ஓடுகிற கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஏற்கெனவே ஓடியவை. புது வரத்து நின்றதும், நாட்டுக்குள் இருந்த கார்களே மொத்தச் சந்தை. ரூபாயும் சரிந்தது. விட்ஸ், வேகன் ஆர், ஆல்டோ போன்ற சின்னக் கார்கள் வாங்கிய விலையை விடப் பல மடங்குக்கு விளம்பரத்தில் வந்தன. எங்க பெரியப்பா ஃபியட் கதையை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நம்ம வயசு ஆட்களே இப்போ சொல்ல முடியும். கார் வைத்திருந்தவர் ஒன்றும் செய்யாமல் பணக்காரர் ஆனார். கார் இல்லாதவருக்கு, சம்பளத்தை எவ்வளவு சேர்த்தாலும் கார் தூரம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

நோக்கம் வேற, பூட்டு வேற. விளைவு ஒண்ணுதான். தட்டுப்பாட்டின் பலன் ஏற்கெனவே உள்ளே இருந்தவருக்குப் போகும். செலவு இன்னும் வெளியே நிற்கிறவர் தலையில் விழும்.

சிங்கப்பூரில் இருக்கிற நண்பர்கள் இந்த இடத்தில் கை தூக்குவீர்கள். அங்கேயும் கார் எண்ணிக்கையை அரசுதான் கட்டுப்படுத்துகிறது. 1990 முதல் கார் வைத்திருக்கும் உரிமையை ஏலம் விடுகிறார்கள். பத்து வருஷத்துக்குச் செல்லும். பழைய காரின் விலையே அந்த உரிமையில் மிச்சம் எத்தனை வருஷம் என்பதைப் பொறுத்தது. கார் விலை பயங்கரம்தான். ஆனால் தட்டுப்பாட்டின் காசு ஏலத்தில் அரசு கஜானாவுக்குப் போகிறது. வரிசையில் இடம் பிடித்தவர் பைக்குப் போகவில்லை. அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

ஒரு கேள்வி

பலரும் கேட்கிற கேள்வி: இலங்கைக்கு வருகிற அந்த ஜப்பான் பழைய கார்கள் ஏன் சென்னைத் துறைமுகத்தில் இறங்குவதில்லை?

விதி இருக்கிறது, வழி இல்லை. 2001-இல் பழைய கார் இறக்குமதிக்குக் கதவைத் திறந்த மாதிரி திறந்து நாலு நிபந்தனை வைத்தார்கள். மூணு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். மேலே நூறு சதவீதத்துக்கும் கூடுதலான சுங்க வரி. இவ்வளவும் கட்டிக் கொண்டுவந்தால், அந்தக் காசுக்கு இங்கே தயாரான புது கார் ரெண்டு வாங்கலாம். அதனால் கதவு இருக்கிறது, யாரும் வருவதில்லை. உள்ளூர்த் தொழிற்சாலைகளுக்கு அது பாதுகாப்பு. இன்றைக்கு உள்ளே பல கம்பெனிகள் ஒன்றோடு ஒன்று மோதுவதால் அந்தச் சுவர் நமக்கு அவ்வளவாக உறைப்பதில்லை, அவ்வளவுதான்.

இனி

2021-22 நினைவிருக்கா? சிப் தட்டுப்பாடு. புது காருக்கு ஒரு வருஷம், அதற்கும் மேலே காத்திருப்பு. அமெரிக்காவில் 2022 ஜனவரியோடு முடிந்த ஒரே வருஷத்தில் பழைய கார் விலை 40 சதவீதம் ஏறியது. இங்கேயும் சில மாடல்களைப் பழையதாகவே புது விலைக்குக் கேட்டார்கள். லைசென்ஸ் ராஜ் எப்படி இருந்திருக்கும் என்று நம்ம தலைமுறைக்குக் கிடைத்த ஒரு சின்ன டெமோ அது.

2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், நூறு சதவீதத்துக்கு மேல் இருந்த கார் வரி, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரைக்கும் பத்து சதவீதமாகக் குறையும். 'ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரைக்கும்' என்ற சொற்களைக் கேட்டதும் இனி உங்கள் காது நிமிர வேண்டும். அதுதான் கோட்டா. கோட்டா இருக்கும் இடத்தில் வித்தியாசக் காசு இருக்கும். அது யாருக்குப் போகும் என்பதுதான் முதல் கேள்வி.

உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்றணும்னு யாராவது சொன்னா உடனே எதிர்க்கவும் வேண்டாம், உடனே கை தட்டவும் வேண்டாம். மூணு கேள்வி கேளுங்க. சுவருக்குள்ள போட்டி இருக்கா? சுவரை எப்போ இறக்கப் போறீங்க, தேதி இருக்கா? வித்தியாசக் காசு யார் பையில போகுது? மூணுக்கும் பதில் இருந்தா பேசலாம். இல்லைன்னா, பெருங்களத்தூர்ல கார் செஞ்ச கைகளுக்கு 1988-க்கு அப்புறம் வேலை இல்லாம போச்சுங்கிறதை ஞாபகப்படுத்துங்க. சுவர் அவங்களைக் காப்பாற்றத்தான் கட்டினது.

உங்க வீட்டில் பழைய புக்கிங் ரசீது, அலாட்மென்ட் கடிதம், ஃபியட் ஆர்.சி. புக் ஏதாவது பீரோவில் கிடந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பேரையும் நம்பரையும் மறைச்சிட்டு அனுப்புங்க. எந்த வருஷம் கட்டினாங்க, எந்த வருஷம் வண்டி வந்துச்சு, இந்த ரெண்டு தேதி போதும். ஒரு இருபது பேர் அனுப்பினா, வரிசையோட நீளத்தை நாமே கணக்குப் போட்டு இன்னொரு எபிசோட் பண்ணலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம்.